உறையாரின் கேள்விக்குறி

"மூத்த மென்பொருள் வடிவமைப்பாளர். வகைத் தூய்மையில் சமரசம் அறியாதவர். பிழையை அதன் வேரிலேயே சந்திப்பவர். இவர் கை பட்ட நிரல் நிற்காது."

நிறுவனத்தின் இணையதளத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு சற்றே மேலே பார்க்கும் ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படித்தான் எழுதியிருக்கிறது. இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. இவர் கை பட்ட நிரல் நிற்காது. நிற்க வேண்டிய இடத்திலும் நிற்காது.

வாசகரே, இந்த இனத்துக்கு நான் உறையார் என்று பெயர் வைத்திருக்கிறேன். உறை போடுகிறவர் என்பதால் உறையார். எதைச் சொன்னாலும் உறைக்காதவர் என்பதாலும் உறையார். இரண்டில் எது முதலில் வந்தது என்று யாராவது ஆராய்ந்து பட்டம் வாங்கிக்கொள்ளலாம்.

உறை என்றால் என்ன என்று கணினிப் பக்கம் போகாதவர்கள் கேட்பீர்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. எவரோ எப்போதோ எழுதிவைத்துப் போன ஒரு பழைய நிரல் இருக்கிறது. வேலை செய்கிறது, ஆனால் பேச்சு ஒழுங்கில்லை. ஒரு நாள் எண்ணைத் தருகிறது, ஒரு நாள் எழுத்தைத் தருகிறது, மனம் சரியில்லாத நாளில் ஒன்றுமே தராமல் வெறுமையை நீட்டுகிறது. திருத்த முடியாது, ஏனென்றால் அது நம்முடையதல்ல. தூக்கிப் போடவும் முடியாது, ஏனென்றால் எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு பெரியப்பா உண்டு. ஆகவே அவரைச் சுற்றி ஓர் உறை தைக்கிறோம். பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் அதை வகுப்பு என்ற ஒரு கட்டமைப்பாக எழுதுவார்கள். வெளியார் உறையிடம் பேசுவார்கள். உறை பெரியப்பாவிடம் பேசும். அவர் சொல்வதைக் கேட்டு, ஒழுங்குபடுத்தி, சபைக்கு ஏற்றபடி வெளியே சொல்லும்.

உறையின் வாசலில் ஒரு வாக்குறுதியும் எழுதிவைப்போம். இங்கே கேட்டால் எண் கிடைக்கும், அங்கே கேட்டால் 'ஆம்' அல்லது 'இல்லை' கிடைக்கும் என்று. இந்த வாக்குறுதிக்கு வகை என்று பெயர். சொன்னபடி வராவிட்டால் பி.எச்.பி. அந்த இடத்திலேயே நின்றுவிடும். திரையில் சிவப்பாக ஒரு செய்தி வரும்: ஆம் அல்லது இல்லை தருவதாகச் சொன்னாய், வெறுமையைத் தருகிறாய், இன்ன கோப்பு, இன்ன வரி. வகைப் பிழை என்பது இதுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களோடு சண்டை போடுகிறவர்களில் இவ்வளவு நேர்மையானவர் எவராவது உண்டா? நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள், என்ன செய்தீர்கள், எந்த வரியில் தவறினீர்கள் என்று, பழைய கதை எதையும் இழுக்காமல், குரலை உயர்த்தாமல் சொல்கிற உறவினர் யார்? மேலாளர் யார்? உலகத்தில் கிடைக்கக்கூடிய மிக நாகரிகமான கண்டிப்பு அது. உறையார் அதைக் கண்டால் கொலைகாரனைக் கண்டது போலப் பாய்வார்.

பாய்ச்சலுக்கு முறை உண்டு. முதல் ஆயுதம் கேள்விக்குறி. வகையின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், 'இது வரலாம், வெறுமையாகவும் வரலாம்' என்று பி.எச்.பி. எடுத்துக்கொள்ளும். வெறுமைக்கு உண்மையிலேயே ஒரு பொருள் இருக்கிற இடத்தில், அந்த வெறுமையை எதிர்பார்த்து அடுத்த வரியை எழுதுகிறவர்களுக்கு, இது அருமையான வசதி. உறையார் அடுத்த வரியை எழுதுவதில்லை. கேள்விக்குறியைப் போடுவார், சிவப்பு மறையும், நாற்காலியைப் பின்னுக்குச் சாய்ப்பார். மறைந்த சிவப்பு எங்கே போயிற்று? மேல் தளத்துக்குப் போயிற்று. இவருடைய உறையை நம்பியிருந்த இன்னோர் உறை இப்போது வெறுமையை வாங்கிக்கொண்டு திணறும். அங்கேயும் ஒரு கேள்விக்குறி. அதற்கு மேல் இன்னொன்று. கீழ்த்தளத்தில் அடைக்க வேண்டிய ஒரு கசிவை ஒவ்வொரு மாடியாக ஏற்றிக் கொண்டுபோய் மொட்டைமாடியில் விட்டுவிட்டு, கீழ்த்தளம் காய்ந்துவிட்டது பாருங்கள் என்பார். கேள்வியே கேட்காமல் கேள்விக்குறி போடுகிற உயிரினம் உலகத்தில் இது ஒன்றுதான்.

கேள்விக்குறி தீர்ந்துபோனால் இரண்டாவது ஆயுதம்: வாக்குறுதியை அழித்துவிட்டு 'எது வேண்டுமானாலும் கிடைக்கும்' என்று எழுதிவைப்பது. இதற்கும் அந்த மொழியில் இடமுண்டு. வகை என்பது போய் அது தேர்தல் அறிக்கை ஆகிவிடும். அப்பா வகுப்பும் அதிலிருந்து பிறந்த பிள்ளை வகுப்பும் முரண்படுகின்றன என்று பி.எச்.பி. புகார் சொன்னால், பிள்ளையைத் திருத்த மாட்டார். அப்பா கொடுத்த வாக்கையே கிழித்துப் போடுவார். குடும்பச் சண்டை தீர்ந்தது.

மூன்றாவது ஆயுதம் கழுத்துப் பிடி. வருவது எதுவாக இருந்தாலும் அதன் கழுத்தைப் பிடித்து, 'ஆம் என்று சொல் அல்லது இல்லை என்று சொல்' என்று நெருக்குவது. வெறுமையின் கழுத்தைப் பிடித்தால் அது 'இல்லை' என்று முனகும். பி.எச்.பி. அதை அப்படித்தான் வளர்த்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உறையார் வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறேன். சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் ஒரு விரிப்பு. தொலைக்காட்சி ரிமோட் கண்ணாடித் தாளுக்குள் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனால் ரிமோட் புதிதாக இருக்கிறது. மனைவி மொழி ஆசிரியை. நான் இருக்கும்போதே உள்ளேயிருந்து கேட்டார், வாட்டர் ஹீட்டரை அணைத்தீர்களா என்று.

"அணைச்சிருக்கும்," என்றார் உறையார்.

"யாரு அணைச்சிருக்கும்?"

அந்த அம்மையார் கூடத்துக்கு வந்து என்னிடம் திரும்பி, "கல்யாணமான நாள்லேருந்து இவர் பேச்சுல எழுவாயைத் தேடிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டுத் தானே போய் அணைத்துவிட்டு வந்தார். அணைத்தேன் என்றால் ஒரு ஆள் வேண்டும். அணைக்கவில்லை என்றாலும் ஒரு ஆள் வேண்டும். 'அணைச்சிருக்கும்' என்பதற்கு ஆளே தேவையில்லை. தமிழ் இலக்கணம் உறையார் குலத்துக்காகவே செய்துவைத்த கேள்விக்குறி அது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதி. ஹீட்டர்தானே. அடுத்து நான் சொல்லப்போவது, நானும் உறையாரும் வேலைபார்க்கும் நிறுவனம் மென்பொருள் எழுதிக்கொடுத்த ஒரு பல் மருத்துவமனை.

அந்த மருத்துவமனையில் தொலைபேசியில் பெயர் பதிவார்கள். பெயர், வயது, எந்தப் பல் என்பதோடு தொலைபேசி முடிந்துவிடும். 'ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்காதா?' என்ற கேள்வியை ஆள் நேரில் வரும்போதுதான் கேட்பார்கள். கேட்கும்வரை அந்த இடம் வெறுமை. பழைய நிரலாகிய பெரியப்பா அந்த வெறுமையை அப்படியே எடுத்துத் தருவார். சுற்றியிருந்த உறையோ ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது. ஆகவே, கேள்வி கேட்கப்படாத ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் திரை நின்றுவிடும். சிவப்பு. வரவேற்பில் இருக்கும் பெண்மணி எங்களைத் திட்டிக்கொண்டே நோயாளியைப் பார்த்து, "உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டு, பழைய நிரலின் திரைக்குப் போய்ப் பதிந்துவிட்டுத் திரும்பி வருவார். அவர் திட்டியது நியாயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரை நின்றதால்தான் அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்டது.

திரை அடிக்கடி நின்றுவிடுகிறது என்று மருத்துவமனை புகார் செய்தது. புகார் மேலாளருக்கு வந்தது. மேலாளர் உறையாரைக் கூப்பிட்டார். உறையார் தம் ஆயுதங்களை வரிசையாக எடுத்தார். கேள்விக்குறிகள் மாடிமாடியாக ஏறின. உச்சியில், நோயாளியின் பக்கத்தைத் திரையில் காட்டுகிற இடம் மட்டும் ஆமா இல்லையா என்று பிடிவாதம் பிடித்தது. அங்கே கழுத்துப் பிடி போட்டார். சிவப்பு போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் நிரல்களைச் சோதிக்கும் பெண் ஒருத்தி உண்டு. உறையார் அவளுக்கு வேகத்தடை என்று பெயர் வைத்திருந்தார், அவளிடம் போனால் எதுவும் தாமதமாகும் என்பதால். அவள் ஒவ்வாமை இடத்தை வெறுமையாக விட்டு ஒரு போலி நோயாளியைப் பதிந்துபார்த்துவிட்டு நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"சார், இது நின்னது சரிதானே? கேக்காத ஆளுக்கு இல்லைன்னு காட்டுதே."

"கஸ்டமருக்குச் சிவப்பு பிடிக்கலைம்மா."

"அதுக்காக இல்லைன்னு சொல்லலாமா?"

"நான் எங்க சொன்னேன்? வெறுமையை மாத்தினா இல்லைன்னு வருது. அது மொழியோட குணம்."

"யாருக்காவது நிஜமாவே ஒத்துக்காம இருந்தா?"

"அவங்களே சொல்லிடுவாங்க. பல்லுதான் வலிக்குது, வாய் இருக்குல்ல?"

அவள் மேலாளரிடம் போனாள். மேலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் அவளிடம் அல்ல, உறையாரிடம்: "ஓடுதா?" ஓடுகிறது என்றார் உறையார். அலுவலக அரட்டைக் குழுவில் மேலாளர் கைதட்டும் கைகளின் படத்தைப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். நானும் போட்டேன், போடாவிட்டால் என்ன நினைப்பார்கள்?

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் ஒரு பெண்மணிக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. அந்தக் குரலை நகரத்தில் எல்லாரும் அறிவார்கள், முகத்தை யாரும் பார்த்ததில்லை. எந்த நடைமேடை, எந்த வண்டி, எவ்வளவு தாமதம் என்று அவர் சொன்னால், தாமதம்கூட ஏதோ நமக்கு நல்லதுக்குத்தான் போலிருக்கும். அந்தத் தொண்டைதான் அவருக்குத் தொழில். குறிப்பிட்ட ஒரு வகை மாத்திரை போட்டால் அந்தத் தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும் என்பது சிறுவயதிலிருந்தே அவருக்குத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. திரை நிற்கவில்லை, ஆகவே கேட்கவில்லை.

பல்லைப் பிடுங்கியாயிற்று. பாதி வாய் மரத்து, மீதி வாய் நிறையப் பஞ்சு. காகிதக் கோப்பையில் தண்ணீரும் ஒரு மாத்திரையும் வந்தன. அவர் மாத்திரையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். பேச முடியாதவர் கேட்கக்கூடிய அதிகபட்சக் கேள்வி அது. வரவேற்புப் பெண்மணி திரையைப் பார்த்தார். ஒவ்வாமை: இல்லை. பச்சை நிறத்தில்.

"பயப்படாதீங்க, உங்களுக்கு ஒத்துக்காத மருந்து எதுவும் இல்லைன்னு இதுல இருக்கு," என்றார்.

எல்லாம் தெரிந்துதான் கொடுக்கிறார்கள் என்று நம்பி அறிவிப்பாளர் மாத்திரையை விழுங்கினார். வாசலைத் தாண்டுவதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். குரல் திரும்புமா என்று அவருடைய தங்கை கேட்டபோது, இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்கள் மருத்துவர்கள். ரயில் நிலையத்தில் ஓர் இயந்திரக் குரல் அறிவிக்கத் தொடங்கியது.

விசாரணைக் கூட்டத்தில் உறையாரைப் பார்த்திருக்க வேண்டும். துளியும் பதற்றமில்லை. பிழைப் பதிவுகளைப் பெரிய திரையில் காட்டினார். "எங்க பக்கம் அன்னைக்கு ஒரு பிழைகூடப் பதிவாகலை," என்றார். உண்மை. அதுதான் குற்றச்சாட்டு என்பது அவருக்கு மட்டும் உறைக்கவில்லை. பிழை இருந்தது, பதிவாகவில்லை; வாய் இருந்தது, இவர் பொத்திவிட்டார். அதையே தமக்குச் சாதகமான சாட்சியாக நிறுத்தினார்.

பிறகு மேலாளர் எங்களை அந்தப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஒரு பழக்கூடை வாங்கினோம். பளபளக்கும் தாளால் சுற்றி, ரிப்பன் கட்டியது. அதை உறையாரே தேர்ந்தெடுத்தார். குழாயை எடுத்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண்மணி. உறையார் கூடையை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுக்கு ஏதாவது அசௌகரியம் ஏற்பட்டிருந்தா, அதுக்காக வருந்துறோம்," என்றார்.

மன்னிப்புக்கும் கேள்விக்குறி.

"ஏற்பட்டிருந்தாவா?" என்றார் அந்த அம்மாள். காகிதத்தைக் கிழித்தது போலிருந்தது குரல். தங்கை அவர் கையைப் பிடித்து, பேசாதேக்கா என்றாள். அவர் கேட்கவில்லை. "வண்டி எப்ப வரும்னு தெரியலைன்னா நாங்க 'பின்னர் அறிவிக்கப்படும்'னு சொல்லுவோம். வண்டி இல்லைன்னு சொல்ல மாட்டோம்." மூச்சு வாங்கியது. "உங்களுக்கு யாரு இந்த வேலையைக் கொடுத்தா?"

மேலாளர் பழக்கூடையைப் பார்த்தார், வேலையைக் கொடுத்தவர் அவர்தான். வேகத்தடை தரையைப் பார்த்தாள். உறையாரின் முகம் மட்டும் மலர்ந்தது. கைப்பேசியை அதன் உறையிலிருந்து உருவி எதையோ குறித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் காரில், "நல்ல யோசனை சொன்னாங்க இல்ல?" என்றார்.

மறுநாள் காலையில் அந்த யோசனையை நிறைவேற்றினார். வெறுமை வந்தால், அதற்குப் பதிலாக 'பின்னர் அறிவிக்கப்படும்' என்ற சொற்களை அனுப்பும்படி உறையில் எழுதினார். அழகான தமிழ். கண்ணியமான தமிழ். ஆனால் உச்சியில் பழைய கழுத்துப் பிடி அப்படியே இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த சொற்களின் கழுத்தைப் பிடித்து, ஆமா இல்லையா என்று நெருக்கினால் என்ன சொல்லும்? பி.எச்.பி.க்குத் தமிழ் தெரியாது. எழுத்து என்று ஏதோ ஒன்று இருந்தால் அதற்கு அது 'ஆம்'. நீங்கள் 'இல்லவே இல்லை' என்று எழுதி அனுப்பினாலும் 'ஆம்'.

பல் மருத்துவமனைத் திரையில், கேள்வி கேட்கப்படாத அத்தனை பேருக்கும் எதிரே ஒவ்வாமை: உண்டு என்று வந்தது. பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு மரப்பு ஊசி போட மருத்துவர் பயந்தார். வீங்கிய கன்னங்களோடு ஒரு கூட்டமே வரவேற்பறையில் உட்கார்ந்து, தங்களுக்கு எது ஒத்துக்காது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மேலாளர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்ன சார், நேத்து வரைக்கும் யாருக்குமே இல்லை. இன்னைக்கு ஊருக்கே இருக்கு?"

"முன்னெச்சரிக்கையா வெச்சிருக்கோம் டாக்டர்," என்றார் உறையார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வேகத்தடை எழுந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை, அவளை அப்போது தடுக்கிற தைரியம் மேலாளருக்கும் இல்லை. கழுத்துப் பிடியை எடுத்தாள். மாடிமாடியாக இறங்கிக் கேள்விக்குறிகளைப் பிடுங்கினாள். உறையின் வாக்குறுதியையே மாற்றி எழுதினாள்: இங்கே கேட்டால் உண்டு, இல்லை, கேட்கவில்லை என்ற மூன்றில் ஒன்று கிடைக்கும், வேறு எதுவும் கிடைக்காது. கேட்கவில்லை என்று வந்தால் திரையில் அந்தக் கேள்வியே பெரிதாக வரும். பதிலைப் பதியும்வரை அடுத்த பக்கம் திறக்காது. வேலை அவ்வளவுதான். வரவேற்புப் பெண்மணி அன்று மாலையே கூப்பிட்டு, இப்பவும் நிக்குதே என்று குறைப்பட்டார்.

"ஆமாக்கா," என்றாள் வேகத்தடை. "நீங்க கேக்குற வரைக்கும் நிக்கும்."

அந்த அறிவிப்பாளர் வேலைக்குத் திரும்பிவிட்டார். குரலும் திரும்பியிருக்கிறது, முழுதாக அல்ல. அடியில் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. நிலையத்தின் ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பயணிகள் புகார் எழுதுகிறார்கள்.

இணையதளத்தில் உறையாரின் புகைப்படத்துக்குக் கீழே இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: "நோயாளிகளின் பாதுகாப்புக்கான மென்பொருளில் நேரடி அனுபவம் பெற்றவர்." அதுவும் உண்மைதான். அனுபவம் பெற்றவர் அவர், பட்டவர் வேறொருவர்.

வாசகரே, நீங்கள் இவ்வளவு நேரமும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பி.எச்.பி. எழுதுகிறவர்களின் கதை, நமக்கென்ன? சரி. போன வாரம் வீட்டில் ஒரு முடிவெடுத்தீர்களே, அப்போது "அவளுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இருக்காது" என்று சொன்னது யார்? அவளைக் கேட்டீர்களா? அலுவலகக் கூட்டத்தில் வாய்திறக்காத ஒருவரைக் காட்டி "அவருக்கும் சம்மதம்தான்" என்றீர்களே, அந்தச் சம்மதத்தை எந்தக் கழுத்தைப் பிடித்து எடுத்தீர்கள்? நேற்று ஒருவரிடம், "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ" என்றீர்கள். பட்டிருந்தாவா? கண்ணாடி முன்னால் நின்று, கைகளைக் கட்டி, சற்றே மேலே பாருங்கள். புகைப்படத்துக்குத் தயாராக இருக்கிறீர்கள். கீழே எழுதுவதற்குத்தான் ஆயிரம் சொற்கள் கிடைக்கின்றனவே: வடிவமைப்பாளர், காவலர், சமரசம் அறியாதவர்.

உறையார் செய்தது இதுதான். யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு, நோயாளியின் சார்பில் 'இல்லை' என்று பதில் எழுதினார். அது தவறு என்று தெரிந்த பிறகு, 'உண்டு' என்று எழுதினார்.